லேமினேஷன் ஆகாத சீட்டு

அவரிடம் "சுமாரா" என்று சொன்னால் திட்டு விழும். நான் நிறைய வாங்கியிருக்கிறேன். "சுமாரா இருபது பாகம்னா இன்னாம்மா அர்த்தம்? எறங்கி அளந்து பாத்தானா, வூட்ல குந்திகினு கனா கண்டானா?" என்று, கடையில் நாலு பேர் ஆதார் ஜெராக்ஸுக்கு நிற்கும்போதே கத்துவார். பாகம் என்பது கடல்காரர்களின் ஆழக் கணக்கு. இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். இதையும் அவர்தான், கடை நடுவில் கையை விரித்து, ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் இடித்து, எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

காசிமேடு துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் ஃபேக்டரிகள் இருக்கிற சந்தில் என் ஜெராக்ஸ் கடை. எதிரில் அவருடைய வெல்டிங் பட்டறை. போட்டு என்ஜினின் தண்டு, ப்ரொப்பெல்லர், நங்கூரம், எது உடைந்தாலும் அங்கேதான் வரும். ஊருக்கெல்லாம் அவர் நைனா. பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. மரியாதை ஒரு காரணம். கோபம் இன்னொரு காரணம். இரண்டும் இன்னும் ஆறவில்லை.

அவர் சேர்த்தது கடலுக்கு அடியிலிருந்து வந்த சாமான்களை. விசைப்படகுகள் வலையைத் தரையோடு தரையாக இழுக்கும்போது மீனோடு என்னென்னவோ ஏறி வரும். மற்ற ஊரில் அதைத் திரும்பக் கடலில் எறிவார்கள், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போடுவார்கள். எங்கள் துறைமுகத்தில் மட்டும் ஒவ்வொரு படகிலும் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உடைந்த பெட்டி ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். அதற்கு 'நைனா பெட்டி' என்றே பெயர். சாமி சிலை வந்தால் கோயிலுக்கு, நகை வந்தால் எடுத்தவனுக்கு, மீதி எல்லாம் நைனாவுக்கு. பதிலுக்கு ஒரு டீயும், கடித்துக்கொள்ள ஒரு பொறையும் அவர் செலவு.

பட்டறையின் பின்சுவர் முழுக்க அலமாரி. பழைய பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிகளை அதற்குக் கதவாகப் போட்டிருந்தார். உள்ளே கையில்லாத பொம்மை, கப்பல் சமையலறைத் தட்டு, யாரோ ஒருவரின் பல்செட், தையல் மெஷினின் தலை, ஹெல்மெட், அந்த ஹெல்மெட்டுக்குள் குடியிருந்த நண்டின் ஓடு. ஒவ்வொன்றுக்கும் கீழே நான் டைப் அடித்துக் கொடுத்த சீட்டு. பொருள், எந்த போட்டின் வலை, எந்தப் பக்கம், எத்தனை பாகம், கொண்டுவந்தவர், தேதி. ஆறு வரி. உப்புக் காற்றில் தாள் பொடிந்துவிடும் என்பதால் லேமினேஷன். ஆறு வரிக்கு அவர் என்னைப் படுத்திய பாட்டை ஒரு கலெக்டர் ஆபீஸ் மனுவுக்குக்கூட நான் பட்டதில்லை.

ஒருமுறை ஒருவன் கப்பல் மணி கொண்டுவந்தான். வெண்கலம். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். நான் கடையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கே கிடைத்தது என்று நைனா கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். வலை இழுத்த நேரத்தில் அவன் போதையில் படுத்துவிட்டானாம், மற்றவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். நைனா மணியை ஒரே ஒரு தடவை அடித்துக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்புறம் சொன்னார்: "எடம் தெரியாத சாமான் கலீஜு. எடுத்துகினு போ."

அது நேராக இரும்புக் கடைக்குப் போய் உருகியது. "உங்களுக்கு மூளை கீளை கலங்கிடுச்சா நைனா?" என்று நான் சண்டை போட்டேன். "எடம்தாம்மா சாமான். மிச்சமெல்லாம் வெறும் பித்தளை" என்றார்.

பொய்யும் அவரிடம் செல்லாது. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கிடைத்ததாகச் சொல்லி ஒருவன் ஒரு ஜாடியை நீட்டினான். நைனா அதன் அடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலில் எடுத்துத் தேய்த்தார். "மாவு மாரி வழுக்குது பாரு. இது எண்ணூர் கரண்ட் கம்பெனி சாம்பல் கலந்த சேறு. பழவேற்காடா? யார் காதுல பூ சுத்துற?" அவன் பல்லைக் காட்டினான். எண்ணூர் சாமான் என்றால் நைனா மதிக்கமாட்டாரோ என்று நினைத்தானாம். நைனா அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எண்ணூர் என்றே சீட்டு அடிக்கச் சொன்னார்.

இன்னொரு வழக்கம். சாமானைக் கழுவுவதற்கு முன்னால் சீட்டு அடித்துவிட வேண்டும். கடலிலிருந்து வந்தவன் ஒரு குளியல் போட்டு ஒரு தூக்கம் தூங்கினால் இடம் மறந்துபோகும் என்பார். அதனால் சேறும் சிப்பியுமாகச் சாமான் பட்டறையில் கிடக்கும், அவர் ஆளை இழுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார். டைப் அடித்துத் தாளை எடுத்து வைப்பேன். அவர் போய்க் கழுவி, ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சரி என்ற பிறகுதான் லேமினேஷன். இந்த வழக்கத்தை நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

தேசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் இறால் உரிக்கிறவள். விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். அவள் புருஷன் பாளையம், இரண்டு தோஸ்துகளோடு ஃபைபர் போட்டில் போனவன் திரும்பவில்லை. தெற்கே கோவளம் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இடையில் காற்று கிளம்பியது. எல்லோரும் தெற்கே தேடினார்கள். போட்டும் இல்லை, ஆளும் இல்லை. மற்ற இரண்டு வீட்டிலும் ஆறு மாதத்தில் காரியம் முடித்துவிட்டார்கள். தேசம்மா முடியாது என்றாள். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசியபோது, "எந்த எடத்துல பூட்டாருன்னு ஒருத்தனாவது சொல்லு. அங்க போயி பால் ஊத்திட்டு வந்து பொட்ட அழிக்கிறேன். சொல்லத் தெரிலன்னா எழுந்து போங்க" என்று விரட்டினாள். எங்கோ வெளிநாட்டு ஜெயிலில் இருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சையும் பிடித்துக்கொண்டாள். மாதம் ஒரு மனு என்னிடம் டைப் அடித்து வாங்குவாள். கீழே பாளையத்தின் போட்டோ ஜெராக்ஸ். எடுத்து எடுத்து அந்த முகமே மங்கிவிட்டது.

மனுவை வாங்கிக்கொண்டு எதிரே பட்டறைக்குப் போவாள். கடலுக்கு அடியிலிருந்து எது வந்தாலும் நைனாவிடம்தானே வரும். "எதுனா வந்துச்சா நைனா?" என்பாள். அவரும் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, அந்த மாதம் வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். செருப்பு வந்தால் அவள் அளவு பார்ப்பாள். டிபன் பாக்ஸ் வந்தால் மூடியைத் திறந்து பார்ப்பாள். "இது அவருது இல்ல" என்று சொல்லும்போது அவள் குரலில் நிம்மதியா ஏமாற்றமா என்று என்னால் பிரிக்க முடிந்ததே இல்லை.

பாளையம் காணாமல் போய் எட்டு மாதம் இருக்கும். நைனா சேகர் என்கிற விசைப்படகு ஆளை இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். குஷியாக இருந்தார், வாயில் பொறை. "அடிம்மா. பொருள், ப்ரொப்பெல்லர். ஒரு முழம் தண்டோட. ஒடஞ்சது." நான் அடித்தேன். சேகர் இடம் சொன்னான்: பழவேற்காட்டுக்குக் கிழக்கே, இருபத்திரண்டு பாகம். சுமாரா என்று அவன் வாயெடுப்பதற்குள் நைனா முறைத்தார், அவன் திரும்ப யோசித்து இருபத்திரண்டேதான் என்றான். ஆறு வரியும் ஆயிற்று. "கய்விட்டு வந்து லேமினேஷன் பண்ணிக்கிறேன்" என்று போனார்.

வரவில்லை. மத்தியானம் நான் போய்ப் பார்த்தேன். கம்பி பிரஷ் மடியில் கிடக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சீட்டு ரெடியா இருக்கு நைனா."

"வேணாம்மா. அது அலமாரிக்கி வராது."

மறுநாள் துறைமுகத்துக்குப் போய் ஒவ்வொரு படகாகச் சொல்லியிருக்கிறார், இனிமேல் எதுவும் கொண்டு வரவேண்டாம் என்று. அவர்கள் சிரித்தார்கள். பெட்டிகளைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் கொட்டினார்கள். அவர் தொடவில்லை. பிறகு நைனா பெட்டிகளில் வெங்காயமும் உதிரி போல்ட்டும் போட ஆரம்பித்தார்கள். வயசாயிடுச்சு என்றது சந்து. கண் போயிடுச்சு என்றது. சர்க்கரை வியாதி என்றது. "சலிச்சுப்போச்சா நைனா?" என்று நானே கேட்டேன். "ஆமாம்மா. சலிச்சிப்போச்சி" என்றார். முப்பது வருஷத்து ஆசை ஒரு மத்தியானத்தில் சலிக்குமா என்று நான் யோசிக்கவில்லை. ஒரு தலைவலி விட்டது என்றுகூட நினைத்தேன். அந்தச் சீட்டை, லேமினேஷன் ஆகாமலே, டிராயரில் போட்டு மூடினேன்.

தேசம்மா வந்து எதுனா வந்துச்சா என்று கேட்டால், இப்போது வெல்டிங்கை நிறுத்தாமலே சொல்வார். "நா இப்ப சேக்கறதில்லம்மா."

இந்தப் பதிலில் பொய் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வரவில்லை என்று சொன்னால் பொய். அதைச் சொல்ல அவரால் முடியாது. 'சேக்கறதில்ல' என்கிற அந்த ஒரு வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் சேர்ப்பதையே விட்டிருக்கிறார். இது எனக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் அலமாரிக் கண்ணாடியில் வெல்டிங் புகை படிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனது. சீட்டுகள் மட்டும் மங்கலாகப் பளபளத்தன.

பிறகு தேசம்மாவே சேர்க்க ஆரம்பித்தாள்.

விடியற்காலையில் இறால் உரிக்கப் போகிறவள், படகு கட்டியதும் ஒவ்வொன்றிலும் போய் வலையில் வேறு என்ன வந்தது என்று கேட்டாள். முதலில் கேலி செய்தவர்கள் அப்புறம் எடுத்துக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எந்தப் பக்கம், எத்தனை பாகம் என்று கேட்டு மனதிலேயே வைத்துக்கொள்வாள். ஒரு நாள் இறால் கூடையோடு என் கடைக்கு வந்து, ஒரு ரப்பர் செருப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு டார்ச் லைட் என்று என் மேஜைமேல் எடுத்து வைத்தாள். தண்ணீர் சொட்டி என் பில் புத்தகம் நனைந்தது.

"நைனா எப்டி எய்துவாரோ அப்டியே எய்து. செருப்பு. கோவளத்துக்குக் கெழக்கால, பத்தொம்போது பாகம். ராசா குடுத்தான். டார்ச்சு..."

நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது நைனா சந்தைக் கடந்து வந்தார். சாமான்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னா நைனா பாக்கற? நீ சேக்கலன்னா போ. நா சேக்கறேன்" என்றாள் தேசம்மா. கோபமில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "எல்லாம் எடம் கேட்டு மனசுல வச்சிகினு கீறேன். எல்லாம் தெக்கால. கோவளம், மாமல்லபுரம். என்னிக்காவது ஒரு நாளு மாட்டாமயா பூடும்?"

அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தப்பான இடத்தை ஒருவர் தன் எதிரில் சீட்டில் ஏற்றுவதை அவரால் எப்போதும் பொறுக்க முடிந்ததில்லை. நாலு வருஷம் அடக்கி வைத்தது அதில்தான் உடைந்தது என்று நான் நம்புகிறேன்.

"தெக்கால இல்லம்மா" என்றார். "வடக்க."

தேசம்மா கூடையைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா சொல்ற?"

அவர் என்னிடம் திரும்பினார். "அன்னிக்கி ஒரு சீட்டு அடிச்சியே. கீதா?"

இருந்தது. டிராயரின் அடியில், மின்சார பில்லுக்கும் தேசம்மாவின் மனு நகல்களுக்கும் நடுவில். ஓரம் பழுத்திருந்தது. அவர் போய்ப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி வந்தார். பட்டறைக் கல்லுக்கு அடியிலேயே நாலு வருஷமும் வைத்திருந்திருக்கிறார். அவிழ்த்தார். ப்ரொப்பெல்லர், ஒரு முழம் தண்டு. ப்ரொப்பெல்லர் இலை ஒன்றின் அடியில் வரிசையாக மூன்று புள்ளி. அவர் ஒட்டுகிற எல்லாவற்றிலும் ஆணி வைத்து அடிக்கிற அடையாளம். அன்று சிப்பியைச் சுரண்டும்போதுதான் அது வெளியே வந்திருக்கிறது. தண்டு முறிந்திருந்ததும் அவர் பற்றவைத்த இடத்தில்தான்.

தேசம்மா மூன்று புள்ளியையும் வெளுத்த விரலால் தடவிப் பார்த்தாள். "இது எங்க போட்டுதா?"

"ஆமாம்மா. கௌம்பறதுக்கு மொத நாளு பாளையம் கொண்டாந்தான். வேற வாங்குடான்னேன். இந்த ஒரு தபா போயிட்டு வந்து மாத்திக்கறேன் நைனான்னான். ஒரு தபா கண்டிதான் தாங்கும்னு சொல்லித்தான் ஒட்டிக் குடுத்தேன்." என் பக்கம் திரும்பினார். "சொன்னேன்னு சீட்டுல போடாதம்மா. சொன்னவன் இன்னாத்துக்கு ஒட்டிக் குடுத்தேன்னு கேக்கறதுக்கு அவுளுக்கு ஞாயம் கீது. 'ஒடஞ்சது நா ஒட்டன எடம்'னு ஒரு வரி சேத்துப் போடு."

தேசம்மா என்னைச் சீட்டைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பழவேற்காட்டுக்குக் கிழக்கே, இருபத்திரண்டு பாகம். அவள் ஆழத்தை மட்டும் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். இரண்டு கையையும் பாதி விரித்து, அப்படியே இறக்கிவிட்டாள்.

"எடம் கண்டி தெரிஞ்சா போதும்னு உங்கிட்ட எத்தினி தபா வந்து நின்னேன் நைனா" என்றாள். "உன்ன இன்னா செஞ்சிருக்கப் போறேன்? அடிச்சிருப்பனா? நாலு நாளு திட்டியிருப்பேன். அவ்ளோதானே?"

அவர் தலை குனிந்து நின்றார். என் எதிரில் அவர் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் வந்தது. ஆனால் எனக்கு என்ன யோக்கியதை? ப்ரொப்பெல்லர் என்று டைப் அடித்தவள் நான். என்ஜின் போட்டில் போன மூன்று பேரைக் காணோம் என்று மாதாமாதம் மனு டைப் அடித்தவளும் நான். இரண்டும் ஒரே கம்ப்யூட்டர்.

"தேதி போட்டுகீதா அதுல?" என்று கேட்டாள் தேசம்மா.

"கிடைச்ச தேதி இருக்கு."

"இன்னிக்கி தேதியும் போடு. கெடச்ச தேதி இன்னான்னு கீது, என்கிட்ட சொன்ன தேதி இன்னான்னு கீட்டும். எல்லாம் கரீட்டா கீணும்னு அவருதானே சொல்வாரு?"

நான் நைனாவைப் பார்த்தேன். "போடும்மா" என்றார்.

பழைய ஆறு வரியோடு இரண்டு வரி கூடியது. புதுத் தாளில் எடுத்து லேமினேஷன் மெஷினில் விட்டேன். சூடாக வெளியே வந்தது. தேசம்மா அதை வாங்கிக்கொண்டு சந்தைக் கடந்து போய், வெல்டிங் செய்ய அவர் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே, நங்கூரம் மாட்டுகிற ஆணியில் மாட்டினாள். பிறகு செருப்பையும் குடத்தையும் டார்ச்சையும் அவர் வாசலில் கொட்டிவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கூடையில் வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நல்ல கனம். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள்.

அடுத்த வாரம் சேகரின் படகில் அவளையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிழக்கே போனார்கள். பெண்களைப் படகில் ஏற்றுவது அங்கே வழக்கமில்லை, அன்று யாரும் தடுக்கவில்லை. பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. நைனா கரையில் நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

அலமாரியை அவர் காலி செய்தார். பொம்மை, தட்டு, தையல் மெஷினின் தலை, எல்லாம் ஒரே மீன்பாடி வண்டியில் இரும்புக் கடைக்குப் போயிற்று. சீட்டுகளை உருவிவிட்டுத்தான் கொடுத்தார். இடம் இல்லாத சாமானாகவே போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆணியில் தொங்கியதை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்தார். உடைந்த தண்டைக் கொண்டுவந்து ஒரு தபா போயிட்டு வந்துடறேன் என்று எவனாவது கெஞ்சினால் சீட்டைக் காட்டுவார். "படி" என்பார். படித்தவன் தண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

போன வருஷம் அவர் இறந்தபோது அவர் மகள் பட்டறையை ஒழித்தாள். அந்தச் சீட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அதே டிராயரில்தான் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். பொருள், வலை, பக்கம், ஆழம், கொண்டுவந்தவர், கிடைத்த தேதி, உடைந்த இடம், சொன்ன தேதி. ஒரு வரி குறைகிறது. நடுவில் நாலு வருஷம் சீட்டு இருந்த இடம்: என் மேஜை டிராயர். அன்றைக்கே அதையும் நான் அடித்திருக்க வேண்டும். லேமினேஷன் செய்துவிட்ட தாளில் இனி ஒன்றும் சேர்க்க முடியாது.